புதுச்சேரியில் ஒரு சோல் ஜாஸ் ஆர்கன் கச்சேரி: குழு சேர்ப்பதிலிருந்து மேடை இறங்கும் வரை

ஆர்கன், கிட்டார், டிரம்ஸ், சாக்ஸபோன் என்று நாலே பேர். பேஸ் கிட்டார்காரர் கிடையாது. ஆனாலும் அறை முழுக்க பேஸ், அதாவது அடிஸ்தாயி ஒலி, உருண்டு ஓடுகிறது. அது ஆர்கன் வாசிப்பவரின் இடதுகையிலிருந்து வருகிறது. சோல் ஜாஸ் என்பது ப்ளூஸும் தேவாலயப் பாட்டும் கலந்த ஜாஸ். அதை வாசிக்கும் ஆர்கன் குவார்டெட் என்ற நாலு பேர் அமைப்பின் உயிரே அந்த இடதுகைதான். கருவி வாங்குவது, ஆள் சேர்ப்பது, இடம் பார்ப்பது, ஸ்பீக்கர் வைப்பது, பாட்டு அடுக்குவது என்று கீழே சொல்லப்போவது அத்தனையும் ஒரே நோக்கத்தில் சொல்வது: அந்த இடதுகை கடைசி மேசை வரை தெளிவாகக் கேட்க வேண்டும், இரவு முடியும்வரை அது களைக்கவும் கூடாது.

இந்த இசைக்குப் புதுச்சேரி பொருத்தமான ஊர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரெஞ்சுத் தொடர்பு இருக்கிறது, பக்கத்தில் ஆரோவில் இருக்கிறது என்பதெல்லாம் சரிதான். அதைவிடப் பெரிய காரணம் இங்கிருக்கும் கிறிஸ்தவக் கோவில்கள். சம்பா கோவில், கப்ஸ் கோவில், இருதய ஆண்டவர் பசிலிக்கா என்று தொடங்கி ஒவ்வொரு பங்கிலும் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சோல் ஜாஸ் ஆர்கனும் கோவிலில் பிறந்ததுதான். லாரன்ஸ் ஹேமண்ட் அமெரிக்காவில் 1935-ல் தன் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் அதை வாங்கின. கறுப்பின மக்களின் ஆலயங்களில் அது காஸ்பெல் என்ற பக்திப் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. அங்கே கேட்டு வளர்ந்த காதுகள்தான் பிறகு வார இறுதி இரவுகளில் பாரில் உட்கார்ந்து கேட்டன. கூட்டத்தின் மூச்சுக்குக் காத்திருந்து அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கத் தெரிந்த ஒரு பாடகர் குழுப் பிள்ளைக்கு, இந்த இசையின் பாதி ஏற்கெனவே கைவசம்.

முதல் வேலை: காது

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு மாதம் கேளுங்கள். ஜிம்மி ஸ்மித்திடமிருந்து தொடங்குவதுதான் முறை. அவர் 1956 முதல் ப்ளூ நோட் கம்பெனிக்குப் பதிவுசெய்த இசைத்தட்டுகள் ஹேமண்டின் பி-3 மாடல் ஆர்கனை ஜாஸின் நடுவே கொண்டுவந்து உட்கார வைத்தன. அவருக்கு முன்பே வைல்ட் பில் டேவிஸ் வழி போட்டிருந்தார். ஸ்மித்துக்குப் பிறகு ஜாக் மெக்டஃப், ஜிம்மி மெக்ரிஃப், ஷெர்லி ஸ்காட், டாக்டர் லானி ஸ்மித் என்று ஒரு பெரிய வரிசை. நம் காலத்தில் ஜோயி டிஃப்ரான்செஸ்கோ 2022-ல் இறக்கும்வரை அந்த மரபைத் தூக்கிப் பிடித்தார்.

ஒவ்வொரு தட்டையும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை பேஸை மட்டும். மூன்றாவது முறை கிட்டார்காரர் எங்கெல்லாம் வாசிக்காமல் இருக்கிறார் என்பதை மட்டும். அந்த மூன்றாவது முறைதான் உங்கள் குழுவைக் காப்பாற்றும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆள் சேர்ப்பது

டிரம்மரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். நம் மெல்லிசை மேடைகளில் பழகிய டிரம்மர்களுக்குக் கை சுத்தம், தாளம் அசையாது. ஆனால் கிக் டிரம்மை (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஓங்கி மிதிப்பதும், நாலு பாருக்கு (நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார்) ஒரு முறை டாம் என்ற சின்ன டிரம்களில் உருட்டுவதும் பழக்கமாகிப் போயிருக்கும். இங்கே இரண்டுமே ஆகாது. ஆர்கன் பேஸ் உருண்டையான ஒலி. கம்பியைச் சுண்டும்போது வரும் வெட்டு அதில் குறைவு. அதன்மேல் கிக் டிரம் விழுந்தால் பேஸ் காணாமல் போய்விடும். ரைட் சிம்பல் என்ற பெரிய தட்டில் நடை, ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டை ஒவ்வொரு பாரின் இரண்டாவது, நாலாவது தட்டில் மிதிப்பது, கிக்கைக் கேட்டும் கேட்காத அளவில் தொடுவது - இவ்வளவு போதும். கிடைத்தால் 18 இன்ச் கிக் டிரம் நல்லது.

ஷஃபிள் என்ற துள்ளல் நடையைப் புரியவைக்க நம்மூரில் சுலபமான வழி உண்டு. திஸ்ர நடைதான் அது. ஒவ்வொரு தட்டுக்கும் 'தகிட' சொல்லுங்கள், நடுவிலிருக்கும் 'கி'யை வாயை மூடி விழுங்குங்கள். மிருதங்கமோ தவிலோ கொஞ்சம் பழகியவர் என்றால் அந்த நிமிடமே பிடித்துக்கொள்வார்.

சாக்ஸபோனில், ஆல்டோவைவிடத் தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் டெனர்தான் இந்த இசையின் வழக்கமான குரல். ஸ்டான்லி டரன்டைன் வாசிப்பைக் கேட்டால் ஏன் என்று புரியும். நம் பக்கம் டெனர் வாசிப்பவர்கள் குறைவு. கர்நாடக இசையில் கத்ரி கோபால்நாத் வழி வந்தவர்களும், கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களில் பலரும் கையில் வைத்திருப்பது ஆல்டோ. தயங்க வேண்டாம். லூ டொனால்ட்சன் ஆல்டோவை வைத்துக்கொண்டே ஆர்கன் குழுக்களோடு அருமையான தட்டுகளைக் கொடுத்திருக்கிறார். சாக்ஸபோன்காரர் வாசிக்கும் ஸ்வரத்தின் பெயரும் நம் காதுக்கு ஒலிக்கும் ஸ்வரமும் ஒன்றல்ல. அதனால் ஒன்றை மட்டும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்: ஆர்கன் எஃப் சுருதியில் வாசித்தால் டெனர்காரர் ஜி-யிலும் ஆல்டோக்காரர் டி-யிலும் வாசிக்க வேண்டும். பி ஃபிளாட் என்றால் டெனருக்கு சி, ஆல்டோவுக்கு ஜி.

கிட்டார்காரருக்கு வேகத்தைவிட அடக்கம் முக்கியம். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடிக்கும்போது ஆர்கனின் வலதுகையும் கிட்டாரும் ஏறக்குறைய ஒரே ஸ்தாயியில் உட்காரும். இருவரும் ஒரே நேரத்தில் கார்டு போட்டால் குழம்பிய சேறுதான் கேட்கும். அதற்காகத்தான் மூன்றாவது முறை கேட்கச் சொன்னேன். எங்கள் பக்கம் நாங்கள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது: சாக்ஸ் தனியாக வாசிக்கும்போது கிட்டார் கார்டு போடும், ஆர்கன் வலதுகை ஓய்ந்திருக்கும். கிட்டார் தனியாக வாசிக்கும்போது ஆர்கன் கார்டு போடும். ஆர்கன் தனியாக வாசிக்கும்போது கிட்டார் குட்டிக்குட்டியாக வெட்டிப் போடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வீட்டிலேயே இருக்கட்டும். டோன் குமிழைப் பாதிக்கு மேல் குறைத்து, முடிந்தால் மேற்பரப்பு வழுவழுப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி மாட்டினால் சாதாரண கிட்டாரும் இந்த இசைக்கு இணங்கிவிடும்.

கருவி: உண்மையான பி-3 வேண்டுமா?

ஆசை இருக்கும். ஆனால் வேண்டாம். பெடல், பெஞ்சு எல்லாம் சேர்ந்து ஒரு பி-3 சுமார் 190 கிலோ. கூடவே ஒலியைச் சுழற்றித் தரும் லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டி. வெள்ளை நகரத்து (புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர் பகுதி) பழைய வீடுகளின் குறுகலான மரப்படியில் இதை மாடிக்கு ஏற்ற நினைப்பதே வம்பு. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஆர்கனுக்குள் பல் வைத்த 91 உலோகச் சக்கரங்கள் சுழன்றுதான் ஸ்வரங்கள் பிறக்கின்றன. அவற்றைச் சுற்றும் மோட்டார் மின்சாரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு ஓடும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அங்கிருந்து வந்த ஆர்கனை வோல்டேஜ் மட்டும் மாற்றி இங்கே ஓடவிட்டால் சுருதி மூன்று அரைஸ்வரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கிவிடும். சி அழுத்தினால் ஏ-க்கும் கொஞ்சம் கீழே ஒலிக்கும். அதைச் சரிசெய்யத் தனியாக அலைவரிசை மாற்றும் கருவி வேண்டும்.

இன்றைக்கு டிராபார் (ஒலியின் தன்மையை மாற்ற இழுக்கும் பட்டைகள்) உள்ள டிஜிட்டல் ஆர்கன்கள் நன்றாகவே வந்துவிட்டன. ஹேமண்ட் நிறுவனத்தின் எஸ்கே வரிசை, நார்ட் எலக்ட்ரோ, யமஹா ஒய்சி61, க்ரூமார் மோஜோ என்று பட்ஜெட்டுக்கு ஏற்றபடி பார்க்கலாம். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கையால் இழுக்கும் நிஜமான டிராபார். பட்டனை அழுத்தி மாற்றுவது வாசிக்கும்போது கைகொடுக்காது. இரண்டு, பியானோ மாதிரி கனமான கட்டைகள் இல்லாமல், விளிம்பு மழுங்கிய லேசான கட்டைகள். உள்ளங்கையால் தேய்த்து வாசிப்பது இந்த இசையின் பேச்சுவழக்கு, கனமான கட்டையில் அது நடக்காது. மூன்று, இன்னொரு கீபோர்டை மிடி (மின் இசைக்கருவிகளை இணைக்கும் முறை) வழியாகக் கீழ்க்கட்டையாகச் சேர்க்கும் வசதி. 61 கட்டையை இரண்டாகப் பிரித்து வாசித்தால் இடதுகைக்கும் வலதுகைக்கும் நடுவில் மோதல் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கீபோர்டில் மிடி அவுட் இருந்தால் அதையே கீழே வைத்துக்கொள்ளலாம்.

பியானோ பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்கனில் கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம்தான். ஏற்ற இறக்கம் முழுக்க வலதுகால் எக்ஸ்பிரஷன் பெடலில். ஸ்வரத்தை நீட்டும் சஸ்டெய்ன் பெடலும் கிடையாது. விரல்தான் ஒட்டிக்கொண்டே நகர வேண்டும்.

டிராபார்: பக்கத்தில் போய்ப் பார்ப்போம்

ஒரு செட்டுக்கு ஒன்பது டிராபார். இடது ஓரத்தில் இரண்டு பழுப்பு, அடுத்து வெள்ளையும் கறுப்பும் கலந்து ஏழு. ஒவ்வொன்றையும் 0 முதல் 8 வரை இழுக்கலாம். ஒவ்வொன்றும் ஸ்வரத்தின் ஒரு மேற்சுருதியைக் கூட்டித் தருகிறது.

மேல்கட்டைக்கு முதல் மூன்றையும் 8 வரை முழுதாக இழுங்கள், மற்ற ஆறையும் உள்ளே தள்ளிவிடுங்கள். பெர்கஷன் சுவிட்சைப் போட்டு 'சாஃப்ட்', 'ஃபாஸ்ட்', 'தேர்ட்' என்று வையுங்கள். வைப்ராட்டோவை சி-3-ல் நிறுத்துங்கள். இப்போது ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் முனையில் 'டிக்' என்று ஒரு மணிச்சத்தம் கேட்கும். ஜிம்மி ஸ்மித்தின் குரல் இதுதான். அந்த மணிச்சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு: எல்லா விரலும் கட்டையிலிருந்து எழும்பி, அதன்பிறகு தொட்டால்தான் மறுபடி ஒலிக்கும். ஒட்டி ஒட்டி வாசித்தால் முதல் ஸ்வரத்தில் மட்டும் வரும். ஒரு வாக்கியத்தில் எந்த ஸ்வரம் துள்ள வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதற்கு முன்னால் மட்டும் விரலை எடுங்கள். ஒரு வாரம் இதையே பழகினால் வாசிப்பு பேச ஆரம்பித்துவிடும்.

கீழ்க்கட்டைக்கு, அதாவது பேஸுக்கு, முதலாவது 8, இரண்டாவது 3, மூன்றாவது 8, மற்றதெல்லாம் பூஜ்யம். அறை ரொம்ப இரைந்தால் இரண்டாவதையும் உள்ளே தள்ளிவிடலாம்.

அப்புறம் லெஸ்லி. டொனால்ட் லெஸ்லி உருவாக்கிய அந்த மரப்பெட்டிக்குள் மேலே ஒரு கொம்பும் கீழே ஒரு உருளையும் சுற்றுகின்றன. ஒலி நம்மை நோக்கி வந்து விலகி வந்து விலகுவதால்தான் அந்த அலைபாயும் தன்மை. டிஜிட்டல் ஆர்கனில் இது உள்ளேயே இருக்கும். மெதுவான சுற்று, வேகமான சுற்று என்று இரண்டு நிலை. வேகத்தை ஓயாமல் போட்டுக்கொண்டிருந்தால் அதன் மதிப்பே போய்விடும். பாட்டு முழுக்க மெதுவிலோ நிறுத்தியோ வாசித்து, தனிவாசிப்பின் உச்சியில் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு அப்போது வேகத்துக்கு மாற்றுங்கள். கொம்பு சட்டென்று வேகம் பிடிக்கும், கீழ் உருளை தாமதமாகப் பின்னால் வந்து சேரும். அந்த இடைவெளியில்தான் கூட்டம் நிமிர்ந்து பார்க்கும்.

இடதுகை

இனி முக்கியமான வேலை. எஃப் சுருதியில் 12 பார் ப்ளூஸை, அதாவது 12 பாரில் ஒரு சுற்று முடியும் ப்ளூஸை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பார் எஃப்7 கார்டு, இரண்டாவது பி ஃபிளாட்7, மூன்றும் நாலும் மறுபடி எஃப்7. இடதுகை ஒவ்வொரு பாருக்கும் நாலு ஸ்வரம் நடக்க வேண்டும். முதல் பாரில் எஃப், ஏ, சி, பி. அந்த பி அரை ஸ்வரம் இறங்கினால் பி ஃபிளாட், அதாவது இரண்டாவது பாரின் வாசல். அங்கே பி ஃபிளாட், டி, எஃப், ஈ. அந்த ஈ அரை ஸ்வரம் ஏறினால் எஃப், வீடு வந்துவிட்டது. விதி இவ்வளவுதான்: முதல் தட்டில் கார்டின் அடிஸ்வரம், இரண்டிலும் மூன்றிலும் கார்டுக்குள்ளிருந்து ஏதாவது, நாலாவது தட்டில் அடுத்த கார்டுக்கு அரை ஸ்வரம் பக்கத்தில் போய் நிற்பது. 12 பாருக்கும் இப்படி எழுதிப் பாருங்கள். பிறகு தாளைத் தூக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் வேறு வழி நடந்து பாருங்கள்.

மெட்ரோனோமை (தாளம் அடித்துக் காட்டும் கருவி) ஒவ்வொரு தட்டுக்கும் வைக்காதீர்கள். இரண்டுக்கும் நாலுக்கும் மட்டும் அடிக்கும்படி வைத்துக்கொண்டு, இடதுகை மட்டும் நாள்தோறும் அரைமணி நேரம். அது தானாக நடக்கிறது என்று தோன்றிய பிறகு வலதுகையில் ஒரே ஒரு கார்டு. அதன்பிறகு மெட்டு. கடைசியாகத்தான் கற்பனை. பக்கத்தில் யாராவது உட்கார்ந்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் பேஸ் தடுமாறாமல் பதில் சொல்ல வர வேண்டும். அந்த நிலை வந்தால் மேடைக்குத் தயார்.

கால் பெடல் பலகை இருப்பவர்கள் இடதுகாலால் பேஸ் முழுவதையும் வாசிக்க முயல வேண்டியதில்லை. கை வாசிக்கும் ஸ்வரத்தோடு சேர்த்துப் பெடலைச் சும்மா தட்டினால் போதும். டபுள் பேஸ் கம்பியைச் சுண்டும் அந்த 'தும்' கிடைத்துவிடும். பலகை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், கையே போதும்.

ஷஃபிள் பாட்டுகளை நிமிடத்துக்கு 110 முதல் 130 தட்டு வரை வைத்துக்கொள்ளுங்கள். வேகமான பாட்டு இரவுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். அடுத்தடுத்து வேக பேஸ் வாசித்தால் இடது மணிக்கட்டு இறுகிவிடும். வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

நாள், நேரம், அனுமதி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தானே புயலும் ஃபெஞ்சல் புயலும் கரையேறிய கடற்கரை இது. அந்த மாதங்களில் திறந்த மாடியில் கச்சேரி வைக்காதீர்கள். கத்திரி வெயில் காலத்தில் ஏசி இல்லாத கூடம் யாருக்கும் சரிப்படாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். குழுவில் பங்குக் கோவிலில் வாசிப்பவர் இருந்தால் தவக்காலம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். சனிக்கிழமையைவிட வெள்ளி மேல். ஞாயிறு விடியற்காலைப் பூசைக்கு அவர் எழுந்து போக வேண்டும். ஜூன் 21-ஐயும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் 1982-ல் தொடங்கிய இசைத் திருநாள் அன்றுதான், இங்கேயும் கொண்டாடுகிறார்கள். புதுக் குழுவுக்கு நல்ல முதல் மேடை.

ஒலி மாசு விதிகள், 2000-ன்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65 டெசிபல் என்று வரம்பும் உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். பாரதி பூங்கா பக்கம் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது, வெள்ளை நகரம் முழுக்கப் பள்ளிகள் இருக்கின்றன. அதனால் போலீஸ் அனுமதியை இடத்தின் உரிமையாளர் எழுத்தில் வாங்கியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள். பிறர் மெட்டுகளை வாசிப்பதால் பாட்டின் படைப்பாளிகள் சார்பில் உரிமம் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமமும் வேண்டும். பெரும்பாலும் அதையும் இடம் நடத்துபவர்தான் எடுப்பார். ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு முடிப்பதாகத் திட்டமிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

சம்பளத்தைத் தொகையோடு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். சாப்பாடு, வண்டி வாடகை தனி என்பதையும் அதிலேயே சேருங்கள்.

இடத்தைப் போய்ப் பார்ப்பது

ஐம்பது அறுபது பேர் உட்காரும் கூடம் இந்த இசைக்கு அளவானது. பழைய பிரெஞ்சு வீடுகளில் இயங்கும் உணவகங்களில் கூரை உயரம், சுவர் சுண்ணாம்புப் பூச்சு, தரை வழுவழு என்று இருக்கும். கண்ணுக்கு அழகு, காதுக்குச் சோதனை. கைதட்டிப் பாருங்கள். சத்தம் திரும்பி வந்து மோதிக்கொண்டிருந்தால் திரைச்சீலை போடச் சொல்லுங்கள். டிரம்ஸுக்குக் கீழே கனமான ஜமுக்காளம் விரியுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்தால் எதிரொலி கொஞ்சம் அடங்கும், ஆனால் பேஸ் அடங்காது. பேஸ் ஸ்பீக்கரை அறையின் மூலையில் ஒட்டி வைத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே 'பூம்' ஆகிவிடும். மூலையிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி வைத்து, எஃப்-லிருந்து அரை ஸ்வரமாக இறங்கிக்கொண்டே வாசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கிக் கேட்டால் ஸ்பீக்கரை இன்னும் ஒரு அடி நகர்த்துங்கள். ஈக்வலைசரைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கரண்ட் விஷயத்தையும் அன்றே பாருங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, 15 ஆம்ப் பிளக் எங்கே இருக்கிறது, ஜெனரேட்டருக்கு மாறும்போது எத்தனை நொடி இருட்டாகிறது. டிஜிட்டல் ஆர்கன் அந்த ஒரு கணத்தில் அணைந்துவிடும், மறுபடி கிளம்ப நேரம் எடுக்கும். கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன யூபிஎஸ் ஒன்றை ஆர்கனுக்கு மட்டும் கொடுத்துவிட்டால் கவலை இல்லை.

மேடை அமைப்பும் ஒலியும்

எல்லாச் சாமானும் ஒரு குட்டி யானையில் தாராளமாக அடங்கும். நாலு மணிக்கே போய்விடுங்கள்.

டிரம்மரின் ஹை-ஹாட் இருக்கும் பக்கமாக ஆர்கன். ஆர்கனைப் பார்வையாளர்களுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் உள்பக்கம் திருப்புங்கள். ஆர்கன் வாசிப்பவரும் டிரம்மரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். கைகள் கூட்டத்துக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது. பேஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட முகங்களில் வரும் வியப்பு தனி. சாக்ஸ் நடுவில், முன்னால். கிட்டார் மறுபக்கம்.

ஆர்கனுக்கு 15 இன்ச் ஸ்பீக்கர் உள்ள கீபோர்டு ஆம்ப் அல்லது பவர்டு ஸ்பீக்கர் வேண்டும். எட்டு இன்ச் பெட்டியில் இடதுகை கேட்கவே கேட்காது. இந்த அளவுக் கூடத்துக்கு டிரம்ஸுக்கு மைக் தேவையில்லை. சாக்ஸுக்கும் தேவையில்லை, அறிவிப்புக்கு ஒரு மைக் போதும். டிரம்மர் எவ்வளவு மெதுவாக வாசிக்க முடியுமோ அந்த அளவை வைத்துக்கொண்டு மற்ற மூன்று பேரும் அதற்குக் கீழே அடங்குங்கள். லெஸ்லி விளைவு இடமும் வலமுமாகச் சுற்ற வேண்டும் என்றால் இரண்டு ஸ்பீக்கர், ஸ்டீரியோ. ஒன்றுதான் இருக்கிறதென்றால் ஆர்கனின் அவுட்டை மோனோவில் எடுங்கள்.

சவுண்டு செக்கில் ஒருவர் கடைசி மேசைக்குப் போய் நின்று ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: பேஸ் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா? இல்லையென்றால் முதலில் கிக்கைக் குறையுங்கள், அப்புறம் கிட்டாரைக் குறையுங்கள். பேஸைக் கூட்டுவது கடைசி வழி.

சுருதியில் ஒரு குறிப்பு. ஆர்கனில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் நிற்கும், அசையாது. சாக்ஸபோன் சூடாக ஆகச் சுருதி ஏறும். நம் வெயிலில் அரைமணி வாசித்தாலே தெரியும். முதல் பாட்டுக்குப் பிறகு ஒரு முறை சரிபார்த்து, வாய்ப்பகுதியைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாடி என்றால் நோட்ஸ் தாளுக்குத் துணி கிளிப். கடற்காற்று இரக்கம் பார்க்காது.

பாட்டு வரிசை

45 நிமிடம், இருபது நிமிட இடைவெளி, மறுபடி 45 நிமிடம். ஒரு பகுதிக்கு ஆறு பாட்டு தாராளம்.

முதல் பாட்டு நடுத்தர வேகத்தில் எஃப் ப்ளூஸ். நாலு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டு இணங்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டாவது எல்லாருக்கும் பழக்கமான ஒரு ஸ்டாண்டர்டு, அதாவது ஜாஸ்காரர்கள் பொதுவாக வாசிக்கும் ஒரு பாட்டு. மூன்றாவது பூகலூ. இது ஷஃபிள் இல்லை, நேர்நடை. இடதுகை நடக்காமல் ஒரே சின்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கை இளைப்பாற இதுதான் நேரம். நாலாவது மெதுவான பாட்டு, சாக்ஸுக்கு. அதன்பிறகு மறுபடி ஏறுங்கள்.

இரண்டாவது பகுதியில் ஒரு பழைய தமிழ்ச் சினிமா மெட்டைச் சேருங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அறுபதுகளின் மெட்டுகளில் எம்.எஸ். விசுவநாதன் போன்றவர்கள் போட்ட கார்டுகள் ஆர்கனுக்கென்றே செய்தது மாதிரி உட்காரும். ஆறெட்டுத் தாளத்தில் போகும் ஒன்றை எடுத்து மெதுவான ப்ளூஸ் நடைக்குக் கொண்டுவாருங்கள். மெட்டை முதல் தடவை மாற்றாமல் வாசியுங்கள். அடையாளம் கண்டுகொண்ட மேசைகளிலிருந்து வரும் சிறு சலசலப்பு உங்களுக்கே கேட்கும். அதற்குப் பிறகு எங்கே கூட்டிப் போனாலும் வருவார்கள்.

தனிவாசிப்புக்கு ஆளுக்கு மூன்று அல்லது நாலு சுற்று. சைகைகளை ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள்: தலையைத் தொட்டால் மெட்டுக்குத் திரும்ப வேண்டும், நாலு விரல் காட்டினால் டிரம்மரோடு நாலு நாலு பாராக மாறி மாறி வாசிக்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி எடுப்பதைக் கேட்டுப் பழகிய நம் ஆட்களுக்கு இந்த இடம் உடனே பிடித்துப்போகும்.

கூட்டத்தின் முன்னால்

சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும்தான் இருப்பார்கள். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை, இந்த இசையே அப்படிப்பட்ட பார்களில் வளர்ந்தது. பேச்சை அடக்கச் சத்தத்தைக் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள். மாறாக நாலு பேரும் சேர்ந்து சட்டென்று பாதியாகக் குறையுங்கள், இரண்டு சுற்று அப்படியே போங்கள், தானாகத் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டுக்கு நடுவே தமிழில் இரண்டு வரி, தெரிந்தால் பிரெஞ்சில் ஒரு வரி பேசுங்கள். தனிவாசிப்பு முடிந்ததும் கைதட்டலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், எப்போது தட்டுவது என்று தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

முடிந்த பிறகு

உப்புக்காற்று பட்ட கட்டைகளையும் டிராபார்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். டிராபாரை இழுக்கும்போது கரகரப்பு கேட்க ஆரம்பித்தால் கான்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டிய நேரம். டிரம் ஸ்டாண்டு மறைகளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய்.

கடைசி மேசையில் ஒரு போனை வைத்து முழுக் கச்சேரியையும் பதிவு செய்திருப்பீர்கள். இரண்டு நாள் கழித்து நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். போன் மைக்கில் அடி பேஸ் சரியாக ஏறாது என்பதால் ஹெட்போன் கட்டாயம். எந்தப் பாட்டில் தாளம் ஓடியது, எந்த இடத்தில் கிட்டாரும் ஆர்கனும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, மெதுவான பாட்டில் பேஸ் எங்கே மங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒத்திகை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கட்டும். இடம் நடத்துபவரிடம் அடுத்த மாதத்துக்கான வெள்ளிக்கிழமையை, சாமான் ஏற்றுவதற்கு முன்பே, அன்றிரவே பேசி முடித்துவிடுங்கள்.